எழுதாத ஒப்பந்தமும் ஒரு மாத அவகாசமும்

எங்கள் தெருவில் வசிக்கும் வணிகவியல் பட்டதாரிப் பெண் ஒருவர், மூன்று மாதங்களுக்கு முன்பு என்னைத் தேடி வந்தார். ஆறு ஆண்டுகளாக ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதி வந்தவர். வேறோர் ஊரில் கூடுதல் ஊதியத்துடன் வேலை கிடைத்திருந்தது. முதலாளியிடம் சொன்னபோது, 'மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் போகவேண்டும். இல்லையென்றால் இந்த மாதச் சம்பளமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது' என்று பதில் வந்திருக்கிறது. பணியில் சேர்ந்த அன்று அவருடைய அசல் பட்டச் சான்றிதழை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிக்கொண்டவர்கள், பணிநியமன ஆணை என்று ஒரு துண்டுக் காகிதமும் அவருக்குத் தரவில்லை.

'நான் கையெழுத்தே போடாத ஒப்பந்தத்தில் மூன்று மாத நிபந்தனை எப்படி சார் வந்தது?' என்று கேட்டார். நான் பொருளாதாரம் கற்பித்தவன், வழக்குரைஞன் அல்லன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

காகிதம் இல்லையென்றால் ஒப்பந்தமே இல்லை என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பிழை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வேலை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்று கோரவில்லை. மாதம் முழுவதும் வேலை, மாத முடிவில் ஊதியம் என்று இரு தரப்பும் நடந்துகொண்டாலே ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது. வங்கிக் கணக்கில் வரவான ஊதியமும் வருகைப் பதிவேடும் அதற்குச் சாட்சிகள். எனவே, 'என்னை எதுவும் கட்டுப்படுத்தாது' என்று அந்தப் பெண்ணும் நாளையே கிளம்பிவிட முடியாது. காலம் பேசப்படாத இடத்தில், நியாயமான அவகாசம் தருவது இருவருக்கும் பொது.

நியாயமான அவகாசம் என்பது எத்தனை நாள்? ஊதியம் எந்தக் கால அளவில் தரப்படுகிறதோ, பெரும்பாலும் அதுவே அளவுகோல். தொழிற்சாலைகளுக்கான 1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின்கீழ் வந்த மாதிரி விதிகள், நிரந்தரத் தொழிலாளர்களில் மாத ஊதியம் பெறுபவருக்கு ஒரு மாதம், மற்றவர்களுக்கு இரண்டு வாரம் என்று வகுத்தன. கடைகளுக்கு அந்த விதிகள் நேரடியாகப் பொருந்தா; ஆனால் வழக்கம் எது என்பதை அவை காட்டுகின்றன. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. அதன் 41-ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தராமலும் நீக்கக்கூடாது என்கிறது. (விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்கு மட்டும் முன்னறிவிப்பு தேவையில்லை.) அந்தப் பிரிவு முதலாளிக்கு மட்டுமே கடமை விதிக்கிறது. காரணம் எளிது. ஆள் போனால் கடை ஒரு வாரம் தடுமாறும். வேலை போனால் வீட்டில் உலை கொதிக்காது. இந்த ஏற்றத்தாழ்வை அன்றைய சட்டமன்றம் அறிந்திருந்தது.

ஆக, மூன்று மாதம் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. முதலாளியின் வாயில்தான் இருந்தது.

சரி, சொல்லாமலே போய்விட்டால் என்ன ஆகும்? விருப்பமில்லாதவரை வேலை செய்யும்படி நீதிமன்றம் ஆணையிடுவதில்லை. தனக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பை மெய்ப்பித்து முதலாளி ஈடு கேட்கலாம். ஒரு கணக்கரின் மாத ஊதியத்துக்காக அத்தனை தூரம் போகிறவர்கள் அரிது. அதனால்தான் வழக்குக்குப் பதிலாகப் பிணை தேடுகிறார்கள்: உழைத்த மாதத்தின் ஊதியம், அசல் சான்றிதழ், பணி அனுபவச் சான்று.

இங்குதான் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி, பணி விலகியவரின் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாள்களுக்குள் தீர்க்கவேண்டும். சட்டம் பட்டியலிட்டுள்ள காரணங்களுக்காகவே பிடித்தம் செய்யலாம். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிப் பேசி, தக்க காரணமும் முன்னறிவிப்பும் இன்றி வேலைக்கு வராமல் நின்றாலும்கூட, முன்னறிவிப்புக்கு ஈடாக எட்டு நாள் ஊதியத்துக்கு மேல் பிடிக்க முடியாது. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு உரிய பணிக்கொடையும், முன்னறிவிப்பு தரவில்லை என்பதால் மட்டும் பறிபோகாது. வருங்கால வைப்பு நிதியோ தொழிலாளியின் சொந்தப் பணம்.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், குறைபாடுள்ள நிறுவனத்தில் இருப்பவருக்கு இரு வழிகள் உண்டு என்றார்: குரல் எழுப்புவது, வெளியேறுவது. நம் ஊர்ச் சிறு கடைகளில் முதல் வழி அநேகமாக இல்லை. இரண்டாவதையும் விலையுயர்ந்ததாக ஆக்கிவிட்டால், போக நினைப்பவர் மட்டுமல்ல, இருப்பவர்களின் ஊதியமும் உயராது. எவரும் போகமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் சம்பளத்தை உயர்த்த யாருக்கு அவசரம்?

முதலாளியின் சிரமத்தையும் நான் மறுக்கவில்லை. தீபாவளி வாரத்திலோ, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய 20-ஆம் தேதிக்கு முந்தைய நாளிலோ கணக்கர் காணாமல் போனால் கடை என்ன செய்யும்? நான் துறைத் தலைவராக இருந்தபோது, இளம் ஆசிரியர் ஒருவர் பருவத்தின் நடுவில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அவருடைய வகுப்புகளையும் நானே எடுத்தேன். புள்ளியியலில் அந்த ஆண்டு மாணவர்கள் பட்ட பாட்டில் என் பங்கும் உண்டு. ஆள் தேடவும் வேலையை ஒப்படைக்கவும் ஒரு மாதம் தேவைதான்.

ஆகவே அந்தப் பெண்ணிடம், இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள் என்றேன். விலகும் முடிவு, கடிதத்தின் தேதி, கடைசிப் பணி நாள் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். குறைகளைப் பட்டியலிட வேண்டாம். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கணக்குப் புத்தகம், சாவி, கடவுச்சொல் என ஒப்படைத்தவற்றை எழுதி அதற்கும் ஒப்பம் பெறுங்கள். வாயால் சொன்னதை மறுப்பது எளிது.

பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களில் ஒவ்வொருவருக்கும் பணிநியமனக் கடிதம் தரவேண்டும் என்று பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இப்போது கட்டாயமாக்கியுள்ளது. முதலாளிகள் இதைச் சுமையாகக் கருதுவது விந்தை. இரண்டு மாத அவகாசம் தேவையென்றால், சேரும் நாளிலேயே அதை எழுதிக் கையொப்பம் பெற்றிருக்கலாமே!

கடிதம் கொடுத்து முப்பது நாள் வேலை பார்த்தார் அந்தப் பெண். கடைசி வாரத்தில், புதிதாக வந்த பையனுக்குக் கணக்கு மென்பொருளையும் கற்றுக் கொடுத்தார். அவருடைய தந்தை இருமுறை நடந்த பிறகு சான்றிதழ் வந்துவிட்டது. கடைசி மாத ஊதியத்தில் பதினொரு நாள் பாக்கி. பணிக்கொடை பற்றிப் பேச்சே இல்லை. இரண்டுக்கும் சேர்த்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்த மனுவின் நகலை நேற்று என்னிடம் காட்டினார். முதல் இணைப்பு, அந்த விலகல் கடிதம்.