அப்பாவுக்கு பைபாஸ்... மனசுக்கு?

'பைபாஸ் பண்ணணும்' என்று பெங்களூர் டாக்டர் சொன்னதும், கூட வந்திருந்த சித்தப்பா என் காதில் கிசுகிசுத்தார்: "எந்த பைபாஸுடா... கிருஷ்ணகிரியா, ஓசூரா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலில் படுத்திருந்தது அப்பா.

அப்பா ரிட்டையர்டான அரசு பஸ் கண்டக்டர். கல்லாவி பஸ் ஸ்டாப்பில் நின்று, "உள்ள போங்க... உள்ள போங்க... நடுவுல கபடி ஆடலாம்!" என்று அவர் குரல் கொடுத்தால் ஊத்தங்கரை வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

ஆபரேஷன் சக்சஸ்! நெஞ்செலும்பை அறுத்து, காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து, இருதயத்தில் அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை போட்டு, எலும்பைக் கம்பியால் இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டார்கள். 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். இன்றைக்குத் தெருவுக்கு ஒருத்தர் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டுகிறார். அதனால் நாங்களும், 'வண்டி இன்னும் இருபது வருஷம் ஓடும்' என்று அப்பாவுக்கு எஃப்.சி. கொடுத்துவிட்டோம்.

எனக்கு ஓசூர் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலை. சனிக்கிழமை ராத்திரி கல்லாவி. திங்கள் விடியலில் மறுபடி பஸ். ஒவ்வொரு வாரம் போகும்போதும் அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தார். டீக்கடை கிடையாது. பேப்பரைப் பிரிப்பதில்லை. ராத்திரி 3 மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். டி.வி. விளம்பரத்துக்கெல்லாம் கண் கலங்கினார்.

"பெரிய ஆபரேஷன் இல்லையா... ரெஸ்ட்ல இருக்காரு" என்றோம். நான் ஒரு படி மேலே போய், "எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்... தைரியமா இருங்கப்பா!" என்று அட்வைஸ் வேறு செய்தேன். அக்கவுண்ட்ஸ் புத்தி!

மூன்றாவது மாசம். தலையணையைத் தட்டிப் போடப் போன அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அடியில் அத்தனையும் மாத்திரை. விழுங்குவதுபோல் எங்களுக்குக் காட்டிவிட்டு ஒளித்து வைத்திருக்கிறார்.

"ஏம்ப்பா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "என் ஸ்டாப்பிங் வந்துடுச்சு கண்ணு. நீங்கதான் இறங்க விட மாட்டேங்கறீங்க."

அன்றைக்கு நான் தூங்கவில்லை.

* * *

அடுத்த செக்கப்பில், பி.பி. பார்த்துக்கொண்டே நர்ஸம்மா ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டார்.

"போன ரெண்டு வாரமா எதுலயும் பிடிப்பு இல்லாம, சந்தோஷமே இல்லாம இருக்குதாய்யா? மனசு சோர்ந்து, இனிமே என்ன இருக்குன்னு தோணுதா?"

அப்பா தன் சட்டைப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று குலுங்கி அழுதார்.

மனநல டாக்டரிடம் போகலாம் என்றதும், "எனக்கென்ன பைத்தியமா?" என்று எகிறினார். டாக்டர் அசரவில்லை. "எஞ்சின் ரிப்பேர் பார்த்தாச்சுங்க. ஓட்டுற டிரைவர் சோர்ந்து போயிருக்காரே, அவரைக் கவனிக்க வேணாமா?" பஸ் பாஷை அப்பாவுக்குப் புரிந்தது!

டாக்டர் சொன்னது இதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் அழுகை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் சகஜம். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால், ரெண்டு வாரத்துக்கு மேல் தினமும் அப்படியே நீடித்தால் அது 'மூட் அவுட்' இல்லை. டிப்ரஷன் என்கிற நோய். அது இருதயத்தையும் விடாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும். நடக்க விடாது. பீடியைத் தேட வைக்கும். உடம்புக்குள்ளே ஸ்ட்ரெஸ் ஹார்மோனை ஏற்றி, ரத்தம் உறையும் தன்மையையும் கூட்டும்.

பிறகு நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் பைபாஸ் செய்துகொண்ட 817 பேரைப் பல வருஷம் கவனித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 38 சதவிகிதம் பேருக்கு டிப்ரஷன்! அது ஓரளவு கடுமையாக இருந்தவர்களுக்கும், லேசாக இருந்து ஆறு மாசமாகியும் விடாதவர்களுக்கும், இறந்துபோகும் அபாயம் மற்றவர்களைவிட ரெண்டு மடங்குக்கும் மேல்!

நல்ல செய்தியும் உண்டு. 2009-ல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வு. பைபாஸுக்குப் பிறகு டிப்ரஷனில் இருந்த 302 பேரில் ஒரு பாதிப் பேருக்கு, 8 மாசம் நர்ஸ்கள் போன் போட்டு விசாரித்தார்கள். டாக்டர்களின் மேற்பார்வையில் மருந்து, ஆலோசனைக்கு வழி செய்தார்கள். போன் வந்தவர்களில் 50 சதவிகிதம் பேருக்கு மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. போன் வராதவர்களில் 30 சதவிகிதம் பேருக்குத்தான். அதிலும் ஆண்களுக்கே கூடுதல் பலன்! யாராவது கேட்டால்தானே நாம் வாயைத் திறப்போம்?

ஒரு எச்சரிக்கை: மனச்சோர்வுக்கான பழைய மருந்துகளில் சில இருதயத்துக்கு ஆகாது. அதனால் பைபாஸ் விவரத்தை மனநல டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்குவதும், பாதியில் நிறுத்துவதும் கூடவே கூடாது.

ரொம்ப தூரம் அலைய வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஓசூர் ரோட்டில் பெங்களூருக்குள் போனால் நிம்ஹான்ஸ். எங்கேயும் போக முடியாவிட்டால் 14416 என்ற இலவச நம்பர். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இந்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறீர்களா? பைபாஸ் ஆன அப்பாவிடம், "மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு செல்போனை நோண்டாதீர்கள். அந்த ரெண்டு கேள்வியையும் கேளுங்கள். பதில் வரும் வரை பக்கத்திலேயே உட்காருங்கள்.

போன மாசம் ஒரு திங்கள்கிழமை. என்னை வழியனுப்ப அப்பா பஸ் ஸ்டாப் வரை நடந்தே வந்தார். படியில் நாலைந்து பையன்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம்...

"உள்ள போங்கப்பா... நடுவுல கபடி ஆடலாம்!"

கண்டக்டர் அவரை முறைத்தார். நான் டிக்கெட் எடுக்க மறந்து ஜன்னல் வழியாக அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.