சங்கக் கணக்கும் வெளிவட்டும்

நமது நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904ஆம் ஆண்டில் பிறந்தது. அவ்வாண்டிலேயே திரூர் கிராமத்தில் விவசாயிகளுக்கென ஒரு சங்கமும், பெரிய காஞ்சிபுரத்தில் நகரவாசிகளுக்கென ஒரு சங்கமும் தோன்றின. அன்று தொட்டு நெடுங்காலம் வரையில், சங்கத்தின் உயிர்நிலை எதுவெனக் கேட்டால் இரும்புப் பெட்டியையே காட்டுவர். அதனுள் ரொக்கம் இருந்ததினும் புத்தகங்கள் இருந்ததே முக்கியம். நாள்வழி, பேரேடு, பங்குப் பதிவேடு, நூல் இருப்புப் புத்தகம், கூலிப் பட்டுவாடாப் பட்டியல் ஆகிய இவையே அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் இடையேயுள்ள கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி. ரொக்கம் களவு போனால் எவ்வாறேனும் ஈடு செய்யலாம். பேரேடு அழிந்தாலோ, யாருக்கு எவ்வளவு என்பதே வழக்காகிவிடும்.

இன்று அப்புத்தகங்கள் அலுவலக மேஜை மீதுள்ள கணினிக்குள் குடிபெயர்ந்துவிட்டன. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்குவதற்கென 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. சங்கங்களைக் கூட்டுறவு வங்கிகள் வழியாக நபார்டு வரையில் ஒரே மென்பொருளால் இணைப்பது அத்திட்டம். அதன் வரம்புக்குள் வராத சங்கங்களில், கணக்கு முழுவதும் ஒரே கணினியின் வன்தட்டில் அடங்கியிருப்பதும் உண்டு. திட்டத்தில் சேர்ந்த சங்கங்களிலுங்கூடக் கடிதங்கள், தீர்மானங்கள், பழைய ஆண்டுகளின் பட்டியல்கள் முதலியவை மேஜைக் கணினியிலேயே தங்கியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் பிரதி எடுத்து வைக்க உதவும் சாதனமே, கடைகளில் ‘எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்’ என வழங்கும் வெளிவட்டு. அதைக் கணினியுடன் இணைப்பது எப்படி, இணைத்ததைப் பிரிப்பது எப்படி என்பதை எழுத்தர் ஒருவர் மட்டும் அறிந்தால் போதாது. பங்குத் தொகையும் சிக்கன நிதியும் தம் பெயரில் உள்ள அங்கத்தினர் யாவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

இது நெசவாளர்க்குப் புதிய விஷயமன்று. ஜக்கார்டு தறியின் மேலே சங்கிலியாகத் தொங்கும் துளை அட்டைகள் என்ன? பூவும் மயிலும் எந்த ஊடைக்கு எந்த இழை எழ வேண்டும் என்ற விவரமாகத் துளையிலும் துளையின்மையிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சு நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜக்கார்டு அமைத்த அந்த முறைக்குப் பல்லாண்டுகள் பின்னர், 1890ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குடிக்கணக்கை எண்ணுவதற்கு ஹாலரித் என்பவர் துளை அட்டைகளையே கையாண்டார். கணினியும் தன் பிள்ளைப் பிராயத்தில் அட்டையைத்தான் உண்டு வளர்ந்தது. அட்டைக் கட்டு நனைந்து கெட்டால் புடவையின் கரை போயிற்று என்பதை அறிந்த நெசவாளர்க்கு, வன்தட்டு கெட்டால் என்ன ஆகும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

வட்டில் எழுதி வைக்கும் முதற் கணினியை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் வட்டுப் பெட்டி ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் அதனுள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளையே ஏற்றன. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் வட்டு ஒரு லட்சம் கோடி பைட்டுகளைக் கொள்கிறது. (ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். இப்போது வழக்கிலுள்ள முறையில் நம் தமிழ் ‘க’வுக்கு மூன்று பைட்டு, கொம்பும் காலும் சேர்ந்து ‘கொ’ ஆனால் ஆறு. எனினும் இடத்துக்குக் குறைவில்லை.)

கடையில் கிடைப்பவை இரு வகை. உள்ளே தட்டு சுழல்வது ஒன்று. சுழலும் உறுப்பு எதுவுமின்றிச் சில்லுகளில் எழுதுவதாகிய ‘எஸ்.எஸ்.டி.’ மற்றொன்று. சுழலும் வகையில் 2.5 அங்குல வட்டு, கணினி தரும் மின்சாரத்தைக் கொண்டே ஓடும். 3.5 அங்குல வட்டு உருவிலும் பெரிது. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். சுழலும் தட்டின் மேல் எழுதுமுனையானது மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில் மிதக்கிறது. ஆதலால் வட்டு ஓடுகையில் அதைத் தட்டுவதோ நகர்த்துவதோ கூடாது. எஸ்.எஸ்.டி.க்கு அந்த அச்சமில்லை; வேகமும் அதிகம். ஆனால் மின்சாரமே காட்டாது ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்தால் அதில் எழுதியது மங்கக்கூடும். ஆகையால், பெட்டியில் வைத்துக் காக்கும் பிரதிக்குச் சுழலும் வட்டே ஏற்றது என்பது என் அபிப்பிராயம், விலையும் குறைவு. நம்பவொண்ணாத மலிவு விலையில் பெருங்கொள்ளளவு பேசும் பென் டிரைவுகள் சில சந்தையில் உலவுகின்றன. உள்ளதற்குப் பன்மடங்கு இடம் இருப்பதாகக் காட்டி, நிரம்பியபின் முன் எழுதியதன் மேலேயே எழுதும் மோசடிச் சரக்கு இவற்றில் உண்டு. ரசீது தரும் கடையில் வாங்குவதே முறை.

இனி இணைப்பு. அச்சியந்திரத்துக்கு ஒரு வாய், விசைப்பலகைக்கு ஒரு வாய் எனக் கணினியின் பின்புறம் பலவகைத் துளைகளாய் இருந்த நிலையை மாற்றி, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே செருகுவாயாக 1996ஆம் ஆண்டில் வந்தது யு.எஸ்.பி. முறை. பரோடாவில் பொறியியல் பயின்ற அஜய் பட், இன்டெல் நிறுவனத்தில் அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் என்பது நமக்குப் பெருமை. 2000ஆம் ஆண்டில் வந்த 2.0 வகையும், 2008இல் வந்த 3.0 வகையுமே அலுவலகங்களில் நாம் அதிகம் காண்பவை. 3.0 செருகுவாயின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறமாயிருக்கும். 100 ஜிகாபைட் அளவுள்ள பிரதியைப் பழைய வாயில் எடுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். நீல வாயில் சுழலும் வட்டுக்கே 20 நிமிட அளவில் முடியும். வேகமுள்ள வட்டை வாங்கிக் கறுப்பு வாயில் செருகிவிட்டு வட்டைக் குறை கூறுவது வீண்.

மேஜைக் கணினியின் முகப்பிலுள்ள வாய்கள், உள்ளே ஒரு கேபிள் வழியாகத் தாய்ப்பலகையுடன் இணைந்தவை; பின்புறத்து வாய்களோ பலகையிலேயே அமைந்தவை. எனவே வெளிவட்டைப் பின்புறத்தில் இணைப்பதே சிறந்தது. 2.0 வாய் அரை ஆம்பியர் மின்சாரமே தர ஒப்பியது, 3.0 வாய் 0.9 ஆம்பியர் தரும். வட்டு ‘டிக் டிக்’ என ஒலித்துத் தோன்றியும் மறைந்தும் போக்குக் காட்டினால், மின்சாரம் போதவில்லையோ எனப் பார்த்து, வேறு வாயிலும் வேறு கேபிளிலும் இணைத்துச் சோதிக்க வேண்டும். அப்போதும் அவ்வொலி நில்லாவிடில் வட்டே நோயுற்றது. அதை மேலும் ஓட்டாது எடுத்துவிட வேண்டும். தனி அடாப்டர் உள்ள பெரிய வட்டில் வேறொரு கவனக்குறைவு நேர்வதுண்டு. கணினியை யு.பி.எஸ்.ஸில் செருகி, வட்டின் அடாப்டரைச் சுவரிலுள்ள சாதாரணப் பிளக்கில் செருகிவிடுவார்கள். மின்சாரம் நின்றால் கணினி பிழைக்கும். எழுதிக்கொண்டிருந்த வட்டு நடுவழியில் நிற்கும். இரண்டையும் யு.பி.எஸ்.ஸிலேயே செருக வேண்டும்.

வட்டைச் செருகியதும் சில சமயம், ‘இதை உபயோகிக்குமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ எனக் கணினி கேட்கும். முன்னரே பிரதி எழுதிய வட்டாயின், வேண்டாம் என்பதே விடை. ஃபார்மட் என்பது வட்டை வெற்றேடாக்கும் வேலை. வட்டின் பொருளடக்கப் பட்டியல் சிதைந்திருந்தாலும், வேறு இயக்கமுறையில் அமைத்த வட்டாயிருந்தாலும் இதே கேள்விதான் எழும். உள்ளே கணக்கு பத்திரமாக இருக்கக்கூடும். புதிய வட்டுக்கு ஃபார்மட் செய்ய நேர்ந்தால், விண்டோஸ் கணினி மட்டுமுள்ள சங்கத்தில் என்.டி.எஃப்.எஸ். முறையைத் தேர்வது நல்லது. கணக்கெழுதுவோர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். அம்முறை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பிறகே பட்டியலில் ஏற்றுகிறது. நாம் நாள்வழியில் எழுதிப் பேரேட்டுக்குக் கொண்டு போவதைப் போலத்தான். ஆங்கிலத்திலும் அதற்கு ‘ஜர்னல்’ என்றே பெயர். நடுவில் மின்சாரம் நின்றால் பட்டியலைச் சீர்செய்ய அக்குறிப்பு உதவும். ஆயினும் பாதியில் நின்ற கோப்பை அது முழுமையாக்காது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைகளில் இவ்வசதி இல்லை. ஃபேட்32இல் 4 ஜிகாபைட்டை எட்டும் பெரிய கோப்பு அடங்கவும் செய்யாது. மின்னணு ஜக்கார்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுள் சில ஃபேட்32 பென் டிரைவை மட்டுமே படிக்கும். டிசைன் கொண்டுபோகும் பென் டிரைவை அம்மாதிரியே வைத்துக்கொள்க. சங்கக் கணக்குக்கு அதைப் பயன்படுத்த வேண்டா.

செருகுவதில் காட்டும் ஆர்வத்தைப் பிரிப்பதில் பலர் காட்டுவதில்லை. கணினி, வேகத்தின் பொருட்டு, எழுத வேண்டியதைத் தன் நினைவில் ஏந்திக்கொண்டு சாவகாசமாக வட்டில் இறக்குவதுண்டு. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் பதிப்பிலிருந்து, வெளிவட்டுகளுக்கு இவ்வாறு தாமதியாமல் எழுதும் ஏற்பாடே இயல்பாக உள்ளது. அப்படியிருந்தும், கணக்கு மென்பொருள் திறந்திருக்கையில் கேபிளைப் பிடுங்கினால் கோப்பு முறியும். ஆதலின் மென்பொருளை மூடி, திரையின் கீழ்மூலையிலுள்ள ‘பாதுகாப்பாக அகற்று’ என்னும் கட்டளையைக் கொடுத்து, அனுமதி வந்தபின், சுழற்சி ஓயச் சற்றே பொறுத்துக் கழற்ற வேண்டும்.

கழற்றாமலே விட்டுவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். நித்தம் செருகிக் கழற்றுவது தொல்லை என்று ஆண்டு முழுவதும் வட்டைத் தொங்கவிடும் அலுவலகங்கள் உண்டு. 2017 மே மாதத்தில் ‘வானாக்ரை’ என்னும் நச்சுநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிக் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அத்தகைய நிரல்கள் கணினியின் உள்வட்டோடு நிற்பதில்லை. அச்சமயத்தில் இணைந்திருக்கும் வெளிவட்டையும் பூட்டிவிடும். இடியால் வரும் மின்னதிர்ச்சியும் அவ்விரண்டையும் ஒருங்கே தாக்கும். தொங்கிக்கொண்டே இருக்கும் வட்டு இரண்டாம் பிரதி ஆகாது; அது முதற் பிரதியின் வால்.

கழற்றிய வட்டை அதே மேஜையின் இழுப்பறையில் வைப்பதிலும் பொருளில்லை. 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் தாமிரபரணிப் பகுதியில் பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய வெள்ளம் புகுந்தால் கணினிக்கொரு கதி, இழுப்பறைக்கொரு கதி என்றிராது. சங்கம் இரண்டு வட்டுகளை வாங்கி, வாரந்தோறும் மாற்றி மாற்றிப் பிரதி எடுத்து, ஒன்று அலுவலக இரும்புப் பெட்டியிலும் மற்றது வேறு கட்டடத்திலும் இருக்கச் செய்தல் வேண்டும். வங்கிப் பெட்டகம் உத்தமம். இயலாவிடில் நிர்வாகக் குழு தீர்மானித்த ஒருவர் இல்லம். ஆனால் அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருப்பதால், வட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டே வெளியே அனுப்ப வேண்டும். கடவுச்சொல் எழுத்தரின் தலைக்குள் மட்டும் இருந்தால் அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் வட்டும் மூடிக்கொள்ளும். அதை உறையிலிட்டு அரக்கு முத்திரையுடன் தலைவர் வசம் வைக்கலாம்.

பிரதியே எடுக்காத சங்கத்தில் ஒரு நாள் கணினி உயிர்பெறாமற் போனால்? பதற வேண்டா. கெட்டது தாய்ப்பலகையோ மின்வழங்கியோ ஆகில், உள்ளிருக்கும் வன்தட்டு நலமாகவே இருக்கக்கூடும். அதைக் கழற்றி, வன்தட்டைப் பொருத்துவதற்கென விற்கும் யு.எஸ்.பி. உறையிலிட்டால் அதுவே வெளிவட்டாகி வேறொரு கணினியில் திறக்கும். மேஜைக் கணினியின் 3.5 அங்குல வன்தட்டுக்குத் தனி அடாப்டருள்ள உறை வேண்டும். புதிய கணினிகளிலுள்ள பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.க்கு உறையே வேறு. அண்மைக்காலக் கணினிகள் சிலவற்றில் வட்டு தானே பூட்டிக்கொண்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் தேவை. கணினி நலமாயிருக்கும்போதே அவ்வெண்ணை எடுத்து அந்த முத்திரை உறையில் சேர்த்து வைக்க வேண்டும். வன்தட்டே கெட்டிருந்தால் மீட்கும் தொழிலாளரிடம் போக வேண்டியதுதான்; செலவு புதிய வட்டுகள் பலவற்றின் விலையை எட்டும், பலனோ உறுதியில்லை.

இறுதியாக ஒரு புத்தகம். வெளிவட்டுக்கென ஒரு சிறு பதிவேடு திறந்து, பிரதி எடுத்த தேதி, எடுத்தது முதல் வட்டிலா இரண்டாம் வட்டிலா, எடுத்தவர் கையொப்பம் ஆகியவற்றை எழுதி வர வேண்டும். மாதம் ஒரு முறை, எடுத்த கணினியில் அன்றி வேறொரு கணினியில் வட்டை இணைத்து, அங்கத்தினர் ஒருவரின் கணக்கைத் திறந்து அவருடைய பாஸ் புத்தகத்துடன் ஒப்பிட்டு, ஒப்பிட்ட பக்கத்தின் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். வட்டு வாங்கிய தேதி முதற் பக்கத்திலேயே இருக்கட்டும். ஐந்தாண்டு ஆனதும் புதிது வாங்கிப் பழையதை மூன்றாம் பிரதியாக வைத்துக்கொள்ளலாம். மகாசபைக் கூட்டத்தன்று வரவு செலவு அறிக்கையோடு இப்பதிவேட்டையும் மேஜை மீது வைக்குமாறு காரியதரிசியைக் கேட்க எந்த அங்கத்தினருக்கும் தடையில்லை.