ஓட்டினால்தான் நிலைக்கும் மோரிஸ் மைனர்

ஜொகூர், ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் மோரிஸ் மைனர் என்று சொல்லிப் பாருங்கள். பால்மரங்களுக்கு நடுவே செம்மண் சாலையில் வந்த உருண்டையான ஒரு காடி அவர்கள் நினைவுக்கு வரும். 1985இல் புரோட்டோன் சாகா வருவதற்கும், அதற்கு முன் ஜப்பானியக் கார்கள் சாலையை நிரப்புவதற்கும் முந்திய காலம் அது. இன்று அதே காரைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, விடுமுறை நாளில் கூட்டாளிகளோடு ஓட்டுவது சிலருக்குப் பெரிய ஆசையாக இருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால், எதை முதலில் கவனிப்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இறங்கினால் பணமும் போகும், சில வேளை உயிருக்கும் ஆபத்து.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர், 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததால், அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி 4 அங்குலம் அகலப்படுத்தச் சொன்னார் அவர். பானெட்டின் நடுவில் ஓடும் பட்டை அந்த மாற்றத்தின் அடையாளம். முதலில் 918 சிசி எஞ்சின். 1956இல் வந்த ‘மைனர் 1000’ காருக்கு 948 சிசி. 1962 முதல் 1098 சிசி. விற்பனையில் 10 லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். இந்தியாவில் ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் ஓடியதும் இதே கார்தான். கறாராகச் சொன்னால் இது ‘விண்டேஜ்’ கார் அல்ல. அந்தப் பெயர் 1930 வரை செய்யப்பட்ட கார்களுக்கே உரியது. காப்பிக் கடைப் பேச்சில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்!

பழைய கார் வாங்கியவர்கள் பலர் முதலில் தேடுவது சாயக்காரரை. பளபளக்கும் காரைப் படம் எடுக்கலாம். நிறுத்த முடியாவிட்டால் என்ன செய்வது? மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றினால்தான் பிரேக் எண்ணெயின் அளவு தெரியும். அதனாலேயே பலர் அதைப் பார்ப்பதில்லை. இன்றைய கார்களில் பிரேக் எண்ணெய் இரண்டு தனி வழிகளில் போகும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும். மைனரில் ஒரே வழிதான். எங்காவது ஒழுகினால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இல்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நம் நாட்டுப் பருவநிலையில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது அதை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது முன்சக்கரம். சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ‘டிரன்னியன்’ என்ற மூட்டு, திருகு மரையில் சுழல்வது. கிரீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்த மரை ஒரு நாள் கழன்று, சக்கரம் மடிந்து, காரின் மூக்கு சாலையில் உட்கார்ந்துவிடும். 1,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது 1,600 கிலோமீட்டருக்கு ஒரு முறை, கிரீஸ் அடித்தால் போதும். சில நிமிட வேலை.

துருவைச் சொல்லவே வேண்டாம். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது. பாடியே முழுப் பாரத்தையும் சுமக்கிறது. தரையும் பின்புற ஸ்பிரிங் பிடிப்பும் அரித்துப் போயிருந்தால் அது அழகுக் குறை அல்ல, ஆபத்து. வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். அது ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, புட்டிதான் இருக்கிறது. இன்னொன்று: பெரும்பாலான மைனர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களுக்கு இது நேர் எதிர். விவரம் தெரியாத பட்டறையில் ரேடியோ பொருத்தினால் புகைதான் மிஞ்சும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கொட்டகையில் போர்த்தி வைத்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அதுதான் காரைக் கெடுக்கும். நின்ற காரில் பிரேக் சிலிண்டர்கள் இறுகிப் போகும், பெட்ரோல் கெட்டுப் பிசினாகும், எலி வயரைக் கடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது ஓட்டியாக வேண்டும். தனியாக ஓட்டத் தயக்கமாக இருக்கும்; இங்கேதான் கூட்டாளிகள் வேண்டும். நான்கைந்து கார்கள் சேர்ந்து, ரெங்கத்திலிருந்து செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிக் குளுவாங் போய், காப்பி குடித்துவிட்டுத் திரும்பும் ஓட்டம் போதும். ஒருவரிடம் பேன் பெல்ட், இன்னொருவரிடம் காயிலும் கண்டென்சரும், கடைசிக் காரில் இழுவைக் கயிறு என்று பிரித்து வைத்துக்கொண்டால் பயமில்லை. மலேசிய சிங்கப்பூர் விண்டேஜ் கார் பதிவகம் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. உதிரிப் பாகங்கள் இன்றும் பிரிட்டனிலிருந்து கிடைக்கின்றன. மைனரைக் கைவிடாத இலங்கையில் 1990களில் தகடுகள் செய்து பிரிட்டனுக்கே அனுப்பினார்கள்!

பாகம் கிடைக்கும், கைப்பழக்கம்தான் கிடைப்பது அரிது. சாவியைத் திருப்பியதும் மைனரின் பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடித்து, பிறகு அடங்கும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தொட்டி காலி, அல்லது எங்கோ ஒழுகுகிறது. இந்தக் காரில் கணினிக் கருவியைச் செருகிப் பழுது பார்க்க இடமே இல்லை. காதால் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்தே பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காதும் கையும் தோட்டத்துப் பட்டறைகளில் லோரியையும் டிராக்டரையும் துரை காடியையும் பழுது பார்த்த ஃபிட்டர்களிடம் இருந்தன. தோட்டங்கள் கைமாறி, பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன பின், அவர்களிடம் தொழில் கேட்க ஆளில்லை. இன்று அவர்களுக்கு எழுபது, எண்பது வயதிருக்கும்.

கார் வைத்திருப்பவர்கள் அடுத்த ஓட்டத்தின்போது அப்படி ஒரு பெரியவரை வீட்டிலிருந்து அழைத்து வந்து முன்னிருக்கையில் உட்கார வைக்கலாம். திரும்பி வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு எப்படி வைப்பது என்று காட்டச் சொல்லலாம். இளைஞர்கள் கைப்பேசியில் காரைப் படம் எடுப்பதோடு, அந்தக் கைகள் செய்யும் வேலையையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.