மதர்போர்ட் வாங்கப் போகிறீர்களா? வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

அக்கரைப்பற்றில் கணினிக் கடை வைத்திருக்கும் என்னிடம் வரும் இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். "காக்கா, புரொசஸர் எத்தின கோர்?" என்பது ஒன்று. "கார்ட் எத்தின ஜீபி?" என்பது மற்றையது. இவை இரண்டையும் தாங்கி நிற்கும் மதர்போர்டைப் பற்றி, அதாவது பாடப் புத்தகங்களில் தாய்ப்பலகை என்று எழுதப்படும் அந்தப் பொருளைப் பற்றி, அநேகமாக யாரும் கேட்பதில்லை. கையில் உள்ள பணம் போதாமல் போகும்போது முதலில் வெட்டு விழுவதும் அதற்குத்தான்.

அந்த வெட்டை என் கையாலேயே போட்டு, அதற்கான விலையையும் கொடுத்தவன் நான். கணினியின் வேகத்தைக் கூட்டிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்களுக்கும், அவர்களுக்குப் பொருள் விற்கும் சக வியாபாரிகளுக்கும் அந்த அனுபவம் பயன்படும் என்பதனால் இதனை எழுதுகிறேன்.

17,000 ரூபா மிச்சம்

2023ஆம் ஆண்டு நடுப்பகுதி. கலியாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் வந்தார். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் அனுப்பிய பணத்தில் நல்லதொரு கணினி பொருத்த வேண்டும் என்றார். பன்னிரண்டு கோர்களைக் கொண்ட ரைசன் 9 5900எக்ஸ் புரொசஸரைத் தெரிவு செய்தோம். அதன் பின்னர் பட்ஜெட் இடித்தது. "போர்டுல குறைப்பம் தம்பி, எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லி, ஏ520 சிப்செட் கொண்ட மலிவான போர்ட் ஒன்றைக் கொடுத்தேன். நடுத்தர பி550 போர்டோடு ஒப்பிடும்போது 17,000 ரூபா மிச்சம். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

அந்தப் போர்ட் இந்தப் புரொசஸரை ஏற்றுக்கொள்ளும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. அது பொய்யுமல்ல. கணினி எழும்பியது, வேலையும் செய்தது. ஆனால் கச்சான் காற்று வீசத் தொடங்கிய ஒரு பகல் பொழுதில் அவர் அழைப்பெடுத்தார். மூன்று மணித்தியாலத்தில் முடிய வேண்டிய வீடியோ ஏழு மணித்தியாலம் ஆகியும் முடியவில்லை. மறுநாள் பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டியது.

போய்ப் பார்த்தேன். 3.7 கிகாஹேர்ட்ஸ் அடிப்படை வேகம் கொண்ட புரொசஸர் 2 கிகாஹேர்ட்ஸுக்கும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. புரொசஸரின் சூடு சாதாரணமாகவே இருந்தது. பக்கப் பலகையைக் கழற்றி, அறையிலிருந்த மேசை மின்விசிறியைப் போர்டுக்கு நேரே திருப்பி வைத்தேன். ஒரு சில நிமிடங்களில் வேகம் மேலே ஏறியது. விசிறியைத் திருப்பினேன், மீண்டும் இறங்கியது. குற்றவாளி யார் என்பது புரிந்துவிட்டது. அன்றிரவு முழுவதும் மின்விசிறி அவருக்கு வீசவில்லை, போர்டுக்குத்தான் வீசியது.

"காக்கா, நீங்க சொன்னதாலதானே எடுத்தன்" என்று மட்டும்தான் அவர் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

சிக்கனத்தில் பிறந்த பழக்கம்

புரொசஸரை அதன் தயாரிப்பாளர் குறித்த வேகத்தை விடக் கூட்டி ஓடவிடுவதைத்தான் ஓவர்க்ளொக்கிங் என்கிறோம். இன்று இது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு போலத் தோன்றினாலும், ஆரம்பத்தில் இது காசு மிச்சம் பிடிக்கும் வழியாகவே பரவியது.

1998 ஓகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரோன் 300ஏ என்ற மலிவான புரொசஸரை வெளியிட்டது. அதன் வேகம் 300 மெகாஹேர்ட்ஸ். போர்டின் 66 மெகாஹேர்ட்ஸ் வேகத்தை நாலரையால் பெருக்கி அது அந்த வேகத்தை எட்டியது. நாலரை என்ற பெருக்கியை மாற்ற முடியாதவாறு இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் போர்டின் வேகத்தை 100 ஆக்கினால் புரொசஸர் 450 மெகாஹேர்ட்ஸில் ஓடும். அன்றைய விலையுயர்ந்த பென்டியம் 2 ஓடிய வேகம் அது. அபிட் நிறுவனத்தின் பீஎச்6 போன்ற போர்டுகளில் இதனைப் பயோஸ் திரைக்குள் போய் மாற்றிவிடலாம். ஆகவே, வேகத்தைக் கொடுத்தது புரொசஸர் மட்டுமல்ல, அதற்கு வழிவிட்ட போர்டும்தான். அந்த அபிட் நிறுவனமே 2008 இறுதியோடு மதர்போர்ட் சந்தையிலிருந்து விலகிக் கொண்டது.

இன்றோ நிலைமை தலைகீழ். புரொசஸரிலிருந்து கறக்கக்கூடிய வேகத்தில் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே கறந்துவிட்டுத்தான் பெட்டியில் அடைக்கிறார். இன்டெல் 13900கே புரொசஸரின் அடிப்படை மின்னளவு 125 வொட். உச்ச வேகத்தில் அது 253 வொட் வரை இழுக்கும். இதற்கு மேலும் கூட்டி நாம் பெறப்போவது மிகச் சொற்பம். 2022 டிசம்பரில் அதே புரொசஸர் 9 கிகாஹேர்ட்ஸ் எல்லையைத் தாண்டிச் சாதனை படைத்தது உண்மைதான். ஆனால் அதனைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் தேவைப்பட்டது.

ஆகவே, இன்றைய கேள்வி "இந்தப் போர்டில் எவ்வளவு வேகம் கூட்டலாம்?" என்பதல்ல. "நான் காசு கொடுத்து வாங்கிய வேகத்தை இந்தப் போர்ட் நாள் முழுக்கத் தாங்குமா?" என்பதே.

எதனை ஒப்பிட வேண்டும்?

முதலாவது, சிப்செட். இன்டெல் புரொசஸரின் வேகத்தைப் பெருக்கி மூலம் கூட்ட வேண்டுமானால் பெயரின் இறுதியில் 'கே' எழுத்துள்ள புரொசஸரும், இசட்690, இசட்790 போன்ற 'இசட்' வரிசைப் போர்டும் வேண்டும். எச்610, பி760 போன்றவற்றில் அதற்கு இடமில்லை. ஏ.எம்.டி. பக்கத்தில் 'பி', 'எக்ஸ்' ஆகிய இரு வரிசைகளிலும் கூட்டலாம். ஏ320, ஏ520, ஏ620 என்பவற்றில் முடியாது. பூட்டிய புரொசஸருக்கு விலையுயர்ந்த இசட் போர்ட் வாங்குவதும், கே புரொசஸருக்கு எச்610 வாங்குவதும் நான் அடிக்கடி காணும் வீண் செலவுகள்.

இரண்டாவது, மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதி. வீ.ஆர்.எம். என்று இதனை அழைப்பார்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை, புரொசஸருக்குத் தேவையான ஏறத்தாழ 1.2 வோல்ட்டாக இது குறைக்கிறது. வோல்ட் குறையும்போது அம்பியர் கூடும். 5900எக்ஸ் புரொசஸர் 142 வொட் வரை இழுக்கக்கூடியது. அதனை 1.2ஆல் வகுத்துப் பாருங்கள், 118 அம்பியர் வருகிறது. நமது சாதாரண வீட்டு மின்னிணைப்பே 30 அம்பியர்தான். வோல்ட் வேறு என்றாலும், சிறியதொரு இடத்தில் இவ்வளவு அம்பியர் ஓடும்போது எழும் சூட்டைச் சிந்தியுங்கள். அந்தத் தம்பியின் போர்டில் இந்தப் பகுதிக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சும் அலுமினியக் கட்டி ஒன்று கூட இருக்கவில்லை. அது தன்னைக் காப்பாற்றிக் கொள்ளப் புரொசஸரின் வேகத்தைக் குறைத்துக் கொண்டது.

இங்கே பெட்டியில் உள்ள எண்ணிக்கையை நம்பிவிடவும் கூடாது. பத்துக் கட்டம், பதினான்கு கட்டம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் எத்தனை அம்பியர் தாங்கும், அதன் மேல் எவ்வளவு பெரிய உலோகக் கட்டி இருக்கிறது என்பவைதான் முக்கியம். தரமான எட்டு, தரமற்ற பன்னிரண்டை விட மேலானது.

மூன்றாவது, ரெம் துளைகள். நான்கு துளை இருந்தால் நல்ல போர்ட் என்ற எண்ணம் நம்மிடம் உள்ளது. ஆனால் மேலே சொன்ன 9 கிகாஹேர்ட்ஸ் சாதனைக்குப் பயன்பட்ட அசுஸ் நிறுவனத்தின் இசட்790 அபெக்ஸ் போர்டில் இரண்டே துளைகள்தான். துளைகள் குறைந்தால் சமிக்ஞை செல்லும் பாதை சுத்தமாகி ரெம்மின் வேகம் கூடும். வீடியோ வேலை செய்பவருக்கோ அந்த வேகத்தை விட அதிக ரெம்தான் தேவை. அவருக்கு நான்கு துளைகளே உகந்தவை. விலை கூடியது எல்லோருக்கும் நல்லதல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நான்காவது, நாளைய பயன். ஏ.எம்.4 சொக்கெட்டுடன் 2017இல் வந்த பல போர்டுகள், பயோஸைப் புதுப்பித்த பின் 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி புரொசஸரையும் ஏற்றுக்கொண்டன. இன்டெலின் 1700 சொக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு நின்றது. போர்டை ஒருமுறையும் புரொசஸரை இருமுறையும் வாங்க நினைப்பவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எல்லை மீறினால் என்ன நடக்கும்?

வோல்ட்டையும் வேகத்தையும் பத்துப் பத்து வீதம் கூட்டினால் வெப்பமும் பத்து வீதம்தான் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். வோல்ட் தன் வர்க்கத்தின் அளவில் வேலை காட்டுவதால் மின்செலவு சுமார் 33 வீதம் கூடுகிறது.

2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி வகைப் புரொசஸர்கள் சில, போர்டோடு சேர்ந்து கருகிய செய்திகள் வெளிவந்தன. அதன் பின் குறித்ததொரு வோல்ட் 1.3ஐத் தாண்டாதவாறு புதிய பயோஸ்கள் வந்தன. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் புரொசஸர்கள் பல நிலைகுலைந்தன. புரொசஸர் அளவுக்கு மீறிய வோல்ட்டைக் கேட்டது முக்கிய காரணம். இன்டெல் பரிந்துரைத்த மின் எல்லைகளைத் தாண்டிய போர்ட் அமைப்புகளும் காரணங்களில் ஒன்றாகக் கூறப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வெளியாகின. பாதிக்கப்படக்கூடிய பெட்டிப் புரொசஸர்களின் உத்தரவாதம் மேலும் இரண்டு வருடங்களுக்கு நீடிக்கப்பட்டது. எனவே, போர்ட் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை வேகம் கூட்டுவதல்ல, பயோஸைப் புதுப்பிப்பதே.

நமது கரையும் நமது கரண்டும்

வெளிநாட்டு விமர்சனங்களில் போர்டுகளைச் சோதிப்பது குளிரூட்டிய அறைகளில். நமது பிள்ளைகள் பாவிப்பதோ தகரக் கூரையின் கீழ். அங்கே தப்பும் போர்ட் இங்கே தப்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அடுத்தது உப்புக் காற்று. கடற்கரைப் பக்க வீடுகளிலிருந்து திருத்த வரும் போர்டுகளில் பச்சைப் பூஞ்சணம் போலத் துரு படிந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். பற்றுச்சீட்டின் பின்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். துரு, கருகல், உடைவு என்பவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று பலவற்றில் எழுதியிருக்கும். ஒரு வருடம் என்றால் 350 நாட்கள் என்றும் சிலவற்றில் இருக்கும். மூன்று வருட உத்தரவாதம் என்ற பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

மூன்றாவது கரண்ட். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், மின்சாரம் போகும்போது அல்ல, திரும்பி வரும்போதே அதிகமான போர்டுகள் என் மேசைக்கு வந்தன. போர்டில் 17,000 ரூபாவை மிச்சம் பிடிப்பவர் பவர் சப்ளையிலும் யூ.பி.எஸ்.ஸிலும் மிச்சம் பிடித்தால், இறுதியில் எதுவும் மிஞ்சாது.

இங்கே ஓர் ஆலோசனை. நமது வெப்பத்தில் வேகத்தைக் கூட்டுவதை விட மின்னளவைக் குறைத்து ஓடவிடுவதே பல வேளைகளில் இலாபம். ரைசன் புரொசஸர்களில் ஈகோ மோட் என்ற வசதி உண்டு. 105 வொட் புரொசஸரை 65 வொட் வகுப்பில் ஓடவிடலாம். இழக்கும் வேகம் கொஞ்சம், குறையும் சூடோ நிறைய.

பாவித்த போர்ட் வாங்குவோருக்கு

இன்டெல் போர்டானால் சொக்கெட்டில் உள்ள ஊசிகளை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் சிக்கல். ஏ.எம்.5 போர்டுகளிலும் அவ்வாறே. மின்பகுதியைச் சுற்றிப் பலகை மஞ்சளாகவோ கபிலமாகவோ நிறம் மாறியிருந்தால் அது நீண்ட நாள் சூட்டில் கிடந்த போர்ட். புரொசஸரைப் பொருத்தி அரை மணித்தியாலமாவது முழுச் சுமையில் ஓடவிட்டுப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் எழும்பி வாருங்கள். ஓவர்க்ளொக் செய்து ஓட்டிய போர்டை விற்பவரும் அதனைச் சொல்லி விற்கட்டும். குறையை மறைத்து வாங்கும் விலையில் நன்மை கிடையாது.

வியாபாரிக்கு ஒரு வார்த்தை

அந்தத் தம்பியின் போர்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வெப்பக் கட்டி பொருத்திய பி550 போர்ட் ஒன்றைக் கொள்விலைக்கே கொடுத்தேன். பழையதை நாலு கோர் புரொசஸர் ஒன்றோடு சேர்த்து, அலுவலக வேலைக்கு என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றேன். அங்கே அது இன்று வரை குறையின்றி ஓடுகிறது. போர்ட் கெட்டதல்ல. அதனைப் பொருந்தாத இடத்தில் வைத்தவன் நான்.

ஒரு மதர்போர்டில் நமக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பம். திரும்பி வரும் ஒரு போர்ட், நல்லபடியாக விற்ற பல போர்டுகளின் இலாபத்தைக் கொண்டுபோய்விடும். "எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லி விற்பது அந்த நேரத்துக்கு இலகுவானது. ஆனால் வாடிக்கையாளர் நம்பி வாங்குவது போர்டை அல்ல, நமது சொல்லை.

அந்தத் தம்பி இப்போதும் என்னிடம்தான் வருகிறார். கூடவே புதிய ஆட்களையும் அழைத்து வருகிறார். வருபவர்களிடம் அவரே முந்திக்கொண்டு சொல்வது இதுதான்: "முதல்ல போர்டக் கேளுங்க."