கண்ணாடி பாறையைத் தாங்குமா?

கையிலிருந்து கண்ணாடி டம்ளர் ஒன்று நழுவி விழுந்தால் என்ன ஆகும்? சில்லுச் சில்லாக உடைந்துவிடும் அல்லவா? அந்தக் கண்ணாடியைக் கொண்டே பூமிக்கடியில் பாறையைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா?

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஶ்ரீபெரும்புதூர் வரும். அங்கே 2000ஆம் ஆண்டு முதல் ஒரு பெரிய கண்ணாடித் தொழிற்சாலை இயங்கி வருகிறது. மணலையும் சில உப்புகளையும் உருக்கி, உருகிய வெள்ளீயத்தின் மீது மிதக்கவிட்டு, ஜன்னல் கண்ணாடி செய்கிறார்கள். சற்றுத் தெற்கே ஒரகடம். அங்கே சுரங்கங்களில் கல்லும் நிலக்கரியும் சுமக்கும் ராட்சத டம்பர் லாரிகள் தயாராகின்றன. கண்ணாடிக்கும் சுரங்கத்துக்கும் என்ன உறவு? அந்த உறவின் பெயர்தான் கண்ணாடியிழை போல்ட்டு.

தூணா, போல்ட்டா?

பாறையைக் குடைந்தவுடன், அதுவரை அசையாமல் இருந்த கூரைப் பாறைக்குக் கீழே தாங்கல் இல்லாமல் போகிறது. அது மெல்லத் தொய்கிறது, விரிசல் விடுகிறது, கவனிக்காவிட்டால் இடிந்து விழுகிறது. நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் உயிரை அதிகம் பறித்த காரணங்களுள் கூரை இடிவது முக்கியமானது.

பழைய வழி, கீழிருந்து முட்டுக் கொடுப்பது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில் மரத்தாலும் கருங்கல்லாலும் முட்டுக் கொடுத்தார்கள். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

புதிய வழி வேறு. முட்டுக் கொடுக்காமல், பாறையைப் பாறையோடே தைத்துவிடுவது! கூரையில் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிடுகிறார்கள். உள்ளே பிசின் அடைத்த குழாய்ப் பொட்டலத்தைச் செருகுகிறார்கள். பொட்டலத்துக்குள் இரண்டு அறைகள். ஒன்றில் பிசின், மற்றொன்றில் அதை இறுக வைக்கும் மருந்து. பிறகு போல்ட்டைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுகிறார்கள். பொட்டலம் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. சில நிமிடங்களுக்குள் பிசின் கல்லாக இறுகிவிடுகிறது. கீழ்முனையில் ஒரு தகடும் மரையும் பூட்டினால் வேலை முடிந்தது.

இதைச் செய்து பாருங்கள்: பத்துப் புத்தகங்களை மேசைமீது வரிசையாக நிறுத்துங்கள். இரு கைகளாலும் இரு முனைகளையும் இறுக அழுத்தித் தூக்குங்கள். நடுவில் உள்ள புத்தகங்களுக்குக் கீழே எந்தத் தாங்கலும் இல்லை. ஆனாலும் அவை விழுவதில்லை. அழுத்தத்தால் எழுந்த உராய்வு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது.

ஆஸ்திரேலியாவில் 1949 முதல் 1974 வரை நடந்த ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில் இந்த முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. அங்கே பணியாற்றிய டாம் லாங் என்ற பொறியாளர் ஒரு வாளியில் ஜல்லியை நிரப்பி, அதில் சிறு போல்ட்டுகளைப் பூட்டி, வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஜல்லி கொட்டவில்லை!

அடுக்கடுக்கான பாறைக்கு இன்னொரு பயனும் உண்டு. நான்கு அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கினால் எளிதில் வளையும். அவற்றையே ஒட்டிவிட்டால், வளையும் அளவு பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. போல்ட்டும் பாறை அடுக்குகளைச் சேர்த்து ஒரே உத்திரமாக்க முயல்கிறது.

இரும்பு எங்கே இடைஞ்சல்?

இரும்புப் போல்ட்டே போதாதா? பல இடங்களில் போதும். ஆனால் இன்று தாங்க வேண்டிய பாறையை நாளை வெட்ட வேண்டியிருந்தால்?

நிலக்கரிச் சுரங்கத்தின் பக்கச் சுவரை எண்ணிப் பாருங்கள். இன்று அதன் அருகே ஆட்கள் நடமாடுகிறார்கள்; அது சரியக் கூடாது. சில வாரங்களில் வெட்டும் இயந்திரம் அந்தச் சுவரையே அரைத்து எடுக்கும். உள்ளே இரும்பு இருந்தால் இயந்திரத்தின் பற்கள் உடையும், தீப்பொறி பறக்கும். மீத்தேன் வாயு கசியும் இடத்தில் தீப்பொறி என்றால் ஆபத்தைச் சொல்லவே வேண்டாம்.

இரும்பு எப்படி வழிமறிக்கும் என்பதை நம் நாடே பார்த்தது. 2023 நவம்பர் 12ஆம் நாள் உத்தரகாண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினர். அவர்களை நோக்கித் துளையிட்டுச் சென்ற இயந்திரம், இடிபாடுகளுக்குள் கிடந்த இரும்பில் சிக்கி உடைந்தது. மீதித் தூரத்தைத் தொழிலாளர்கள் குழாய்க்குள் தவழ்ந்து சென்று கையாலேயே தோண்டினார்கள். நவம்பர் 28 அன்று 41 பேரும் உயிருடன் மீண்டனர்.

தாங்கும் வரை உறுதியாக இருக்க வேண்டும். வெட்டும்போது வழிவிட வேண்டும். இந்த இரண்டு குணங்களும் சேர்ந்து அமைந்தது கண்ணாடியிழைப் போல்ட்டு. 1980களில் இத்தாலியப் பொறியாளர் பியெத்ரோ லுனார்தி இதை இன்னும் துணிச்சலாகப் பயன்படுத்தினார். மென்மையான மண்ணில் சுரங்கப்பாதை தோண்டும்போது எதிரே நிற்கும் மண் முகமே உள்ளே சரிந்துவிடும். அந்த முகத்துக்குள் நீண்ட கண்ணாடியிழைத் தண்டுகளைச் செலுத்தி அதை நிலைநிறுத்தினார். பிறகு மண்ணோடு தண்டுகளையும் சேர்த்தே வெட்டி முன்னேறினார்கள்.

வலிமை எங்கிருந்து வந்தது?

டம்ளர் உடைவதும் இழை தாங்குவதும் எப்படி? கண்ணாடி வெட்டுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? வைரமுனையால் ஒரு கீறல் போடுவார். மெல்ல அழுத்தினால் கீறல் வழியே கண்ணாடி பிளந்துவிடும். சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஏராளம். இழுக்கும்போது விசை முழுவதும் கீறலின் நுனியில் குவிகிறது. அதுவே கண்ணாடியின் பலவீனம்.

இங்கிலாந்தில் கிரிஃபித் என்பவர் கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்துச் சோதித்து, 1921இல் ஓர் உண்மையை வெளியிட்டார். இழை மெலிய மெலிய அதன் வலிமை கூடுகிறது! மிக மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை.

இத்தகைய ஆயிரக்கணக்கான இழைகளை நூற்கண்டுகளிலிருந்து ஒன்றாக இழுத்து, பிசின் தொட்டியில் முக்கி, சூடான அச்சின் வழியே வெளியே இழுக்கிறார்கள். வெப்பத்தில் பிசின் இறுக, மறுமுனையில் நீண்ட தண்டு வருகிறது. ஓர் இழை அறுந்தாலும் விரிசல் அடுத்த இழைக்குத் தாவாதபடி இடையிலுள்ள பிசின் தடுக்கிறது.

எடையையும் பாருங்கள். 22 மி.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள இரும்புத் தண்டின் எடை சுமார் 6 கிலோ. அதே அளவுள்ள கண்ணாடியிழைத் தண்டு சுமார் ஒன்றரைக் கிலோதான். நீளவாட்டில் இழுத்தால் அது சாதாரண இரும்புக் கம்பிக்குச் சளைப்பதில்லை. துருவும் பிடிக்காது.

குறையே இல்லையா?

உண்டு. இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதால், குறுக்கே கத்தரிப்பது போன்ற விசையைத் தண்டு அவ்வளவாகத் தாங்காது. இயந்திரம் அதை எளிதில் வெட்டுவதும் இதனால்தான். ஒரே குணம் ஓரிடத்தில் குறை, மற்றோரிடத்தில் நிறை!

இன்னொரு குறை கவலைக்குரியது. இரும்பு அறுவதற்கு முன் நன்றாக நீளும், தகடு வளையும். அதைப் பார்த்துத் தொழிலாளர்கள் விலகிக்கொள்ளலாம். கண்ணாடியிழையோ மிகச் சிறிதளவே நீண்டு, சட்டென்று அறும். ஆகவே பாறை அதிகமாக நகரக்கூடிய கூரைகளில், நெடுங்காலம் நிற்க வேண்டிய இடங்களில், பெரும்பாலும் இரும்பையே நம்புகிறார்கள்.

எனவே இரும்பு சிறந்ததா, கண்ணாடி சிறந்ததா என்று பொறியாளர் கேட்பதில்லை. விசை எந்தத் திசையில் வருகிறது? எத்தனை நாள் தாங்க வேண்டும்? பிறகு அந்த இடத்தை வெட்டப் போகிறோமா? இவற்றையே அவர் கேட்கிறார். இவற்றுக்குச் சரியான விடை கண்டபின்தான் கூரையின் கீழே ஆட்களை அனுப்பலாம்.