செம்மரம்: சேஷாசலத்தின் செல்வமும் சிந்திய ரத்தமும்

புது தில்லி: உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு மரம், ஆந்திரத்தின் தென்கோடி மலைகளில் வளர்கிறது. அதற்கான சந்தையோ கடல் கடந்து இருக்கிறது. இந்த இடைவெளிதான் செம்மரக் கடத்தலின் அடிப்படை.

அவரை, புளி, புங்கம் ஆகியவை இடம்பெற்றுள்ள பயறுவகைத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது செம்மரம். கடப்பை, சித்தூர், நெல்லூர், கர்நூல் பகுதிகளில் பரவிய சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைகளின் வறண்ட பாறை நிலமே இதன் தாயகம். செஞ்சந்தனம் என்று அழைக்கப்பட்டாலும், சந்தனத்தின் மணம் இதற்குக் கிடையாது. மதிப்பு முழுவதும் செந்நிற வைரப் பகுதியில்தான். அது முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டுவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

மருந்து முதல் மாளிகை வரை

வைரக்கட்டையிலிருந்து கிடைக்கும் "சான்டலின்" என்னும் செந்நிறப் பொருள் சாயமாகப் பயன்படுகிறது. ஆயுர்வேதத்தில் "ரக்த சந்தனம்" என்ற பெயரில் இது மருந்தாகிறது. சீனத்தில் அரச மாளிகைகளின் அறைகலன்களுக்கு உகந்ததாகப் போற்றப்பட்ட செந்நிற மரங்களின் வரிசையில் இதற்குத் தனி இடம் உண்டு. ஜப்பானில் இசைக்கருவிகள் செய்யவும் பயன்படுகிறது. அலை அலையான வரிகள் கொண்ட கட்டைக்கு விலை மேலும் கூடும். அணு உலைகளில் இது பயன்படுகிறது என்று பரவலாகப் பேசப்படுவதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

சட்டமும் துப்பாக்கியும்

அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் தொடர்பான "சைட்டீஸ்" சர்வதேச உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் 1995-இல் செம்மரம் சேர்க்கப்பட்டது. காட்டு மரத்தின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. ஆனால், தடை கடத்தலை நிறுத்தவில்லை.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கடத்தல் கும்பலால் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7-இல் அதே காட்டில் ஆந்திர சிறப்புக் காவல் படை சுட்டதில் 20 பேர் மாண்டனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் உள்ளிட்ட தமிழக மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல் துறை கூறியது. பிடித்துச் சென்று கொன்றதாக மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. தேசிய மனித உரிமைகள் ஆணையமும் இவ்விவகாரத்தில் தலையிட்டது.

இதில் எழும் கேள்வி எளிமையானது. மலைக்கிராமங்களில் வேலையின்றி, கூலிக்காகக் கோடரி தூக்கியவர்கள் குண்டுக்குப் பலியாகின்றனர். அவர்களை அனுப்பிய தரகரும், துறைமுகத்தில் சரக்கை ஏற்றியவரும், கடலுக்கு அப்பால் வாங்கியவரும் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர்?

மாற்று வழி

விவசாய நிலத்தில் வளர்க்கப்பட்ட செம்மரத்தை உரிய சான்றுடன் ஏற்றுமதி செய்ய 2019-இல் மத்திய அரசு வழிவகுத்தது. 2004 முதல் சைட்டீஸின் சிறப்புக் கண்காணிப்பில் இருந்த இந்தியச் செம்மர வணிகம், 2023 நவம்பரில் அதிலிருந்து விடுவிக்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையம், திருவள்ளூர் மாவட்டத்தில் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்குப் பலன் பகிர்வாக ரூ.55 லட்சத்தை 2025-இல் அளித்தது.

சட்டபூர்வமான மரம் தாராளமாகக் கிடைத்தால் கள்ளச்சந்தை சுருங்கும் என்பது ஒரு வாதம். காட்டு மரமே தோட்டத்து மரம் என்ற போர்வையில் வெளியேறக்கூடும் என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. நாற்று நடும் நாளிலிருந்து கப்பலேறும் நாள்வரை ஒவ்வொரு மரத்துக்கும் நம்பகமான பதிவு இருந்தால் மட்டுமே முதல் வாதம் வெல்லும்.

2018-இல் "அச்சுறுத்தலை நெருங்கும்" இனமாக மதிப்பிடப்பட்ட செம்மரம், அடுத்த மதிப்பீட்டில் மீண்டும் "அழியும் ஆபத்திலுள்ள" இனமாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டுவிட்டது. மரத்தைக் காக்கும் திட்டம், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கச் செய்யும் திட்டமாகவும் இருந்தாக வேண்டும். இல்லையெனில், சேஷாசலத்தில் மரமும் மிஞ்சாது. மனித உயிருக்கும் மதிப்பிருக்காது.