செஞ்சி மலை ஏறுவோம், வாருங்கள்!

மாலையில் புதுவைக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் காந்தி சிலையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருப்பீர்கள்? அவை செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமண ஸ்வாமி கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து வந்தவை. (கொடுத்தனுப்பிய சீர் அல்ல, தூக்கிக்கொண்டு வந்த சீர்!) தூண்களின் பிறந்தகத்தையும் ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாமே?

திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். புளியோதரை கட்டிக்கொண்டு விடியற்காலையில் பஸ் ஏறிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு அந்தப் பாறைகள் தோசைக்கல்தான். மூட்டையை மார்போடு அணைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம். இப்போது அங்கே ராஜ்யம் நடத்துவது குரங்குகள்!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்துக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கிருஷ்ணகிரியோடு திருப்தியடையலாம். ராஜகிரி சுமார் 800 அடி. நிதானமாக ஏறுங்கள், பிற்பகலுக்கு மேல் போனால் ஏற விடமாட்டார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவின்மேல் சின்னப் பாலம். அந்தக் காலத்தில் அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை எவனும் நெருங்க முடியாது. சிவாஜி 1677-ல் இந்தக் கோட்டையை ஏன் விரும்பிப் பிடித்தார் என்பது அங்கே நின்றால் சொல்லாமலே விளங்கும்.

அவர் மகன் ராஜாராம் இங்கேதான் அடைக்கலம் புகுந்தார். மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690 முதல் முற்றுகையிட்டும் கோட்டை விழ 1698 ஆயிற்று. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அவருடைய ராணிகளும் குழந்தைகளும் பகைவர் கையில் சிக்கினார்கள். சரித்திரப் புத்தகங்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. கீழே, எட்டு அடுக்குக் கல்யாண மகாலின் ஜன்னல்களை அண்ணாந்து பார்க்கும்போது நமக்கு அப்படி முடிக்கத் தோன்றவில்லை. அது அந்தப்புரமாக இருந்தது என்கிறார்கள். உள்ளேயிருந்து தினம் தினம் எதிரியின் கூடாரங்களைப் பார்த்துக்கொண்டே குழந்தைக்குச் சோறு ஊட்டியவர்கள் எத்தனை பேரோ!

தேசிங்குராஜன் கதை கேட்காத வீடு உண்டா? கப்பத் தகராறில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, 1714-ல் போர்க்களத்தில் விழுந்தான். வயது 22. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். வென்ற நவாபே மனம் நெகிழ்ந்து, பாலாற்றங்கரையில் அவள் நினைவாக ஏற்படுத்திய ஊர்தான் ராணிப்பேட்டை. ஊருக்குப் பேர் கிடைத்தது; அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

நம்மூரில் புஸ்ஸி வீதி என்கிறோமே, அந்தப் புஸ்ஸியின் படை 1750 செப்டம்பரில் வந்தது. எட்டு வருஷம் தாக்குப் பிடித்த கோட்டை ஒரே இரவில் விழுந்தது! மதில் அதே மதில்தான். ஆனால் தோற்று ஓடிவந்து உள்ளே ஒதுங்கியிருந்தவர்களுக்கு மனசு விட்டுப் போயிருந்தது. 1761-ல் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்த சில மாதங்களில் செஞ்சியும் அவர்கள் வசமாயிற்று.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றே.

இறங்கியதும் உடனே பஸ் தேடாதீர்கள். சுமார் 4 கிலோமீட்டரில் சிங்கவரம். குன்றின் மேல் பல்லவர் குடைந்த கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். சண்டைக்குப் புறப்பட்ட தேசிங்கு விடைகேட்டபோது ஸ்வாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றும் அப்படியே இருப்பதாக ஊரார் காட்டுகிறார்கள். கால் இன்னும் கெஞ்சவில்லையென்றால் அருகிலுள்ள திருநாதர் குன்றிலும் ஏறுங்கள். 24 தீர்த்தங்கரர்களை ஒரே பாறையில், வரிசைக்குப் பன்னிரண்டாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே கூட்டமே இல்லை. மிச்சமிருக்கும் புளியோதரையை நிம்மதியாகச் சாப்பிடலாம்.